2 சென்ட் மனையில் சிறிய வீடு: எதை இப்போதே முடிப்பது, எதைப் பிறகு பார்ப்பது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கத்தில் 24 அடிக்கு 36 அடி மனை, வடக்கே சாலை. கையில் 10 லட்சம் ரூபாய். அப்பா, அம்மா, நீங்கள் இருவர், ஏழு வயதுப் பெண் என்று ஐந்து பேர். ஐந்தாறு வருடத்தில் மேலே மாடி கட்டும் எண்ணமும் உண்டு. இன்னொரு 8 லட்சம் கடன் வாங்கி 800 சதுர அடிக்குக் கட்டுவதா, ஓசூர் பக்கம் விற்கிற கன்டெய்னர் வீட்டை வாங்கி இறக்கிவிடுவதா, சிறிதாகக் கட்டினால் பிற்பாடு மாற்றிக்கொள்ள முடியுமா?

சிறிதாகக் கட்டுங்கள். ஆனால் நாளைக்கு மாற்ற முடியாதவற்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அஸ்திவாரம், வெளிச்சுவர், கான்கிரீட் மேல்தளம், மாடிப்படி இருக்கும் இடம், தண்ணீர்க் குழாய் ஓடும் சுவர், கழிவுநீர் போகும் வழி. இந்த ஆறும் ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான். அறைத் தடுப்பு, அலமாரி, டைல்ஸ், பால்ஸ் சீலிங், கேட் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வீட்டு வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் பத்தாமல் நின்றுபோன வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடந்திருக்கும். முகப்புக்குக் கிரானைட் ஒட்டியிருப்பார்கள், கழிவுநீர்த் தொட்டிக்குப் பணம் இருக்காது.

கன்டெய்னர் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 20 அடி கன்டெய்னரின் வெளி அகலம் 8 அடி. உள்ளே 7 அடி 8 அங்குலம்தான், உயரம் 8 அடிகூட வராது. வெயிலுக்குத் தகரம் காயாமல் இருக்க உள்ளே வெப்பத்தடுப்புப் பலகை ஒட்டினால் அகலம் இன்னும் குறையும். மாந்தோப்புக் காவலுக்கு, வேலை நடக்கும் இடத்தில் அலுவலகம் வைக்க நல்ல பொருள். சித்திரை, வைகாசி வெயிலில் வயதான இருவரை அதற்குள் வைக்க என் மனம் ஒப்பாது. அதன்மேல் செங்கல் சுவர் வைத்து மாடியும் எழுப்ப முடியாது. அதை விட்டுவிடுவோம்.

இப்போது இந்தப் பக்கம் சாதாரண வேலைக்கே சதுர அடிக்கு 2,000 முதல் 2,500 ரூபாய் வரை ஆகிறது. உங்கள் 10 லட்சத்துக்கு 440 சதுர அடிதான் கணக்கு. அது ரொம்பச் சின்னதாயிற்றே என்று தோன்றும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அரசு 3.5 லட்சம் கொடுத்துக் கட்டச் சொல்லும் வீடே 360 சதுர அடிதான். அதிலும் 300 கான்கிரீட் தளம், மீதி 60 வேறு தீப்பிடிக்காத கூரை. தேசியக் கட்டட விதித் தொகுப்பு குடியிருக்கும் அறைக்குக் குறைந்தது 9.5 சதுர மீட்டர், அதாவது 102 சதுர அடி வேண்டும், அகலம் 8 அடிக்குக் குறையக் கூடாது என்கிறது. சமையலறைக்கு 5 சதுர மீட்டர், குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர். இவற்றை மனத்தில் வைத்துத்தான் கீழே சொல்லும் அளவுகளைப் போட்டிருக்கிறேன்.

வீட்டை இரண்டு துண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், அதாவது வடக்கே, உள்ளளவு 16 அடிக்கு 16 அடி ஒரே கூடம். அதன் பின்னால், தெற்கே, 7 அடி அகலத்துக்கு ஒரு பட்டை. அந்தப் பட்டையில் தென்கிழக்கில் பத்தரை அடி நீளச் சமையலறை, தென்மேற்கில் 5 அடிக் குளியலறை, நடுவில் நாலரை அங்குலச் சுவர். வெளிச்சுவர் 9 அங்குலம். எல்லாம் சேர்த்து வெளியளவு பதினேழரை அடிக்கு இருபத்தைந்தேகால் அடி வரும்.

இந்த அமைப்பின் உயிர் கூடத்தின் நடுவே தெற்கு வடக்காக ஓடும் ஒரு பீமில், அதாவது கான்கிரீட் உத்திரத்தில் இருக்கிறது. தளத்தின் பாரத்தை அந்த பீமும் வெளிச்சுவர்களும் தாங்கிக்கொள்ளும். அதனால் பீமுக்கு அடியில் நீங்கள் வைக்கும் எந்தத் தடுப்புக்கும் பாரம் கிடையாது. வைக்கலாம், எடுக்கலாம், நகர்த்தலாம். சாதாரணமாக நம் ஊரில் நடப்பது என்ன? சின்ன வீட்டில் நான்கு அறை வேண்டும் என்று உள்ளேயும் 9 அங்குலச் சுவராக எழுப்பி, தளத்தை அவற்றின்மேல் உட்கார வைத்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து இரண்டு அறையை ஒன்றாக்கலாம் என்றால் சுவரில் கைவைக்க முடியாது. 16 அடி நீள பீமுக்கு ஆழம் எவ்வளவு, கம்பி எத்தனை என்பதை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விடாதீர்கள். மேலே ஒரு மாடி வரும் என்று சொல்லி, ஒரு கட்டடப் பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள். பீம் முனை உட்காரும் இடத்தில் சுவருக்கு மேல் கான்கிரீட் திண்டு கட்டாயம் வேண்டும்.

பீமுக்குக் கிழக்குப் பாதி 8 அடிக்கு 16 அடி. அதுதான் கூடம். மேற்குப் பாதியில் வடக்கிலிருந்து 13 அடி வரை படுக்கையறை, 104 சதுர அடி. மீதி 3 அடி குளியலறைக்குப் போகும் நடை. இப்போது அங்கே தடுப்பே வேண்டாம், திரை போதும். பெண் வளர்ந்து தனியாகப் படிக்க வேண்டும் என்கிறபோது பீமுக்கு அடியில் சிமென்ட் ஃபைபர் போர்டு தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக இன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. இரண்டு பாதிக்கும் தனித்தனி ஜன்னல், தனித்தனி விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் இருக்க வேண்டும். பீமின் அடியில் கான்கிரீட் போடும்போதே மின்கம்பிக் குழாய் ஒன்றை வெறுமையாக விட்டுவையுங்கள்.

இன்னொரு வேலை, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது: எதிர்காலத்தில் கதவு வரக்கூடிய இடத்தில் லின்டலை, அதாவது கதவுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டையை இப்போதே போட்டு, அதன் அடியை மட்டும் கல் வைத்து அடைத்துவிடுங்கள். சமையலறையின் தெற்குச் சுவரில் ஒன்று, கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒன்று. பின்னால் கதவு வேண்டுமானால் அடைத்த கல்லை மட்டும் எடுத்தால் போதும், சுவர் அதிராது. இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம்.

நம் வீடுகளில் ஒரே இடம் பகலில் ஒன்றாகவும் இரவில் ஒன்றாகவும் இருப்பது புதுசு இல்லை. பாயைச் சுருட்டினால் கூடம், விரித்தால் படுக்கை. கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டால் விருந்தாளிக்கு அறை. இதைக் கெடுத்தது பெரிய மரக் கட்டிலும் சோபா செட்டும்தான். 8 அடி அகலக் கூடத்தில் சோபா செட் வேண்டவே வேண்டாம். கிழக்குச் சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குக் கடப்பைக்கல் திண்டு போடுங்கள், அடியில் பெட்டி, பாத்திரம், பிள்ளையின் புத்தகம் எல்லாம் அடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் துண்டுக் கற்கள் மலிவாகக் கிடைக்கும், அதிலும் போடலாம். குளியலறைக்கு மேல் 7 அடி உயரத்திலேயே சின்னத் தளம் போட்டு, மேலே இருக்கும் 3 அடியைப் பரணாக நடைப்பக்கம் திறந்து வையுங்கள். 35 சதுர அடி பரண். கேழ்வரகு, நிலக்கடலை, புளி மூட்டைகளை வைக்க இடம் இல்லாமல்தான் இங்கே முக்கால்வாசி வீடுகளில் படுக்கையறை குடோனாகிறது.

சமையல் விஷயத்திலும் ஊர் வழக்கத்தைப் பார்த்துக் கட்டுங்கள். கேஸ் அடுப்பு இருந்தாலும் களி கிளற, வெந்நீர் போட உங்கள் அம்மா விறகடுப்பைத் தேடுவார். பின்கட்டின் தென்கிழக்கு மூலையில் சின்ன ஓட்டுச் சாய்ப்பு இறக்கி அங்கே வையுங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும், அந்த மூலைப் புகை வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். அதே காற்று தென்மேற்குக் குளியலறையின் வாடையை உள்ளே தள்ளாமல் இருக்க அதன் கதவு தானாக மூடிக்கொள்ளும்படி இருக்கட்டும், அதன் ஜன்னல் மேலே உயரத்தில் தெற்கே இருக்கட்டும்.

சமையலறை தென்கிழக்கில் வந்துவிட்டதால் வீட்டுப் பெரியவர்களுக்கு அக்னி மூலை என்று திருப்திதான். ஆனால் கன்னி மூலையில் கழிப்பறையா என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டால் கழிப்பிடத்தை மட்டும் அதே தெற்குச் சுவருக்கு வெளிப்பக்கம், பின்கட்டில் எடுத்துக் கட்டிவிட்டு, உள்ளே குளியல் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சமையல், குளியல், கழிப்பு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே குழாய்ப் பாதையில் இருக்க வேண்டும். மாடி கட்டும்போது மேல் குளியலறையும் இதே இடத்துக்கு நேர் மேலே வரும். குழாயும் குறைவு, கசிவும் குறைவு, பழுது பார்க்கவும் எளிது.

என்னைக் கேட்டால் கழிப்பறை உள்ளேயே இருப்பது நல்லது. அப்பாவுக்கு இப்போது நடக்க முடிகிறது, பத்து வருடம் கழித்து இரவில் படி இறங்கிப் பின்கட்டுக்குப் போக வேண்டாம். கதவை 2 அடி 8 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள், நடையும் குளியலறையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும், தரைக்கு வழுக்காத கல் போடுங்கள். உட்காரும் கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி வைக்கிற இடத்தில் மட்டும் ஹாலோ பிளாக் (உள்ளே ஓட்டையுள்ள கான்கிரீட் கல்) வேண்டாம், கெட்டியான கல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

மாடிப்படியை வீட்டுக்குள் வைக்காதீர்கள். 10 அடி உயரத் தளத்துக்கு 7 அங்குலப் படியாக வைத்தால் சுமார் 18 படி வரும். இரண்டாக மடித்து உள்ளே வைத்தாலும் ஒரு படுக்கையறையில் முக்கால்வாசி போய்விடும். வெளியே, மேற்குச் சுவரை ஒட்டி, வாசல் பக்கமிருந்து தெற்கு நோக்கி நேராக ஏறும்படி 3 அடி அகலத்தில் வையுங்கள். அதில் இரண்டு ஆதாயம். பிற்பகல் வெயில் நேராக மேற்குச் சுவரில் விழாமல் படியும் அதன் கைப்பிடிச் சுவரும் தடுக்கும். மாடிக்குப் போகிறவர் கீழ்வீட்டுக்குள் வர வேண்டியதில்லை, எனவே நாளைக்கு மாடியை வாடகைக்கு விடலாம், அல்லது நீங்கள் பெங்களூரு பக்கம் வேலைக்குப் போனால் கீழே பெற்றோர் இருக்க, மேலே பூட்டிவிட்டுப் போகலாம். படிக்கு அடியில் விறகும் சைக்கிளும் நிற்கும். படியையும் பக்கவாட்டில் விடும் இடத்தையும் வரைபடத்தில் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியாகவே அனுமதி கிடைக்கிறது.

மாடி இன்றைக்கு இல்லை என்றாலும் அஸ்திவாரம் இரண்டு தளத்துக்குப் போட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் பல இடங்களில் சில அடி தோண்டினாலே கெட்டி மண்ணோ பாறையோ வந்துவிடும், கருங்கல்லும் பக்கத்திலேயே கிடைக்கும். அந்த மாதிரி மனைக்குக் கருங்கல் கடைக்காலும் அதன் மேலே சுவர் நெடுக ஓடும் பெல்ட் கான்கிரீட்டும் போதும், தூண் வைத்த கட்டடம் தேவையில்லை. உங்கள் மனை பழைய ஏரி வயல் அல்லது மண் கொட்டி நிரப்பிய இடம் என்றால் கதை வேறு. குழி வெட்டிப் பார்த்துப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

சுவருக்கு என்ன கல்? ஹாலோ பிளாக் மலிவு, வேலை சீக்கிரம். இரண்டு தளப் பாரம் தாங்கும் வெளிச்சுவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நல்ல செங்கல்லோ, மேட்டூர் அனல் மின்நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல்லோ, 8 அங்குல சாலிட் பிளாக்கோ எடுங்கள். சாம்பல் கல்லில் சூளை விறகு எரிவதில்லை, மேல்மண் போவதில்லை, அதனால் எனக்கு அதன்மேல் சாய்வு உண்டு. வாங்குமுன் இரண்டு கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஓரம் உதிர்ந்தால் அந்த லோடு வேண்டாம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம், உள்ளே இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். அருமையான முறை. ஆனால் கல் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், நம் சூளை நாட்டுச் செங்கல் ஒன்றுக்கொன்று கால் அங்குலம் மாறும். அந்தக் கட்டுத் தெரிந்த கொத்தனார் வேண்டும். செம்மண்ணில் ஐந்து சதவீதம் போல சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் மண் கல்லுக்கும் இதேதான். நம் செம்மண் அதற்கு ஏற்றது, ஆரோவில்லில் அந்தக் கல்லால் பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. பழகிய ஆள் கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால், உங்கள் ஒரே வீட்டைக் கொத்தனார் தொழில் பழகும் இடமாக்க வேண்டாம். சுற்றுச்சூழலுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி 800-க்குப் பதில் 440 சதுர அடி கட்டுவதுதான், கட்டாத சுவருக்குச் சிமென்டும் மணலும் வேண்டாம்.

வெயிலுக்கு வருவோம். தருமபுரி நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், இடையில் கொஞ்சம் வடக்கே சாயும். ஆக வெப்பம் வீட்டுக்குள் இறங்கும் பெரிய வழி சுவர் இல்லை, தளம். பலர் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்துவிடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் ஐந்தாறு வருடத்தில் மாடி கட்டப்போகிற உங்களுக்கு அது உடைத்துப் போட வேண்டிய செலவு. இப்போதைக்குத் தளத்தை நல்ல வாட்டத்தோடு பூசி, ஒவ்வொரு வருடமும் மாசியில் நீற்றுச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும். அதன்மேல் அவரைப் பந்தலோ கோவைப் பந்தலோ போட்டால் நிழலும் காயும் சேர்ந்து கிடைக்கும். தொட்டிச் செடிகளைப் பீமுக்கு மேலும் சுவருக்கு மேலும் வையுங்கள், தளத்தின் நடுவில் பாரம் ஏற்றாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். 900 மீட்டர் உயரத்தில் அங்கே மார்கழிக் குளிர்தான் தொல்லை, தெற்கு ஜன்னலைப் பெரிதாக வைத்துக் குளிர்கால வெயிலை உள்ளே விட வேண்டும்.

சோலார் பேனல் பற்றி: பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஏசி இல்லாத 440 சதுர அடி வீட்டுக்கு மின்கட்டணம் பெரிதாக வராது. அந்தப் பணத்தை இப்போது தளத்துக்கும் தண்ணீருக்கும் போடுங்கள், மாடி வந்தபின் பேனலை யோசிக்கலாம்.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தில் முதல் கவலை, சிறிய வீடு என்பதால் அதை ஒதுக்கிவிடக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, மாற்று இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். பல்லில் காவி படிந்த பிள்ளைகளை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். உங்கள் பெண்ணுக்கு ஏழு வயது, நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும் வயது. குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். பெரும்பாலானவர்கள் அனுமதிக்காக ஒரு குழாயை மண்ணுக்குள் விட்டுக் கணக்கை முடிக்கிறார்கள். நீங்கள் சேமித்துப் பயன்படுத்துங்கள். 440 சதுர அடித் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 400 லிட்டர் தண்ணீர். வீட்டுக்கு முன்னால் 5 அடி அகலத்துக்குத் திண்ணை போடுங்கள், அதன் அடியில் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி ஆழத்துக்குத் தொட்டி கட்டினால் 3,600 லிட்டர் பிடிக்கும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் வெளியே போக ஒரு திருகு வால்வு, அப்புறம் கூழாங்கல்லும் மணலும் கரியும் அடுக்கிய வடிகட்டி, கொசு புகாத மூடி. பந்தல் போட்டால் இலை விழும், குழாய் வாயில் வலை வையுங்கள். இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். திண்ணைக்கு மேல் மங்களூர் ஓடு போடுங்கள், கான்கிரீட் வேண்டாம். அப்பாவும் அவர் நண்பர்களும் பகலெல்லாம் உட்காரும் இடம் அதுதான், வடக்கு முகம் என்பதால் வெயில் குறைவு.

தொட்டி வடக்கே என்பதால் கழிவுக் குழி தெற்கே. கெட்டி மண்ணாக இருந்தாலும் தண்ணீர் இறங்கும் நிலம் என்றால் இரட்டைக் குழி முறை போதும். ஒன்று நிறைந்தால் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, இரண்டு வருடம் மூடி வைத்தால் முதல் குழியில் இருப்பது மக்கி உரமாகிவிடும், லாரி கூப்பிட வேண்டியதில்லை. முதலில் 4 அடிக் குழி வெட்டி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் பாறையோ களிமண்ணோ இருக்கும், செப்டிக் டேங்க்தான் வழி. குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் இதில் விடாமல் தனிக் குழாயில் எடுத்து வாழைக்கும் முருங்கைக்கும் விடுங்கள்.

வேலை தொடங்குமுன் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கட்டில், அடுப்பு, பீரோ இருக்கும் இடங்களையும் வரைந்து, அம்மாவையும் மனைவியையும் அதில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். சமையலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது காகிதத்தில் தெரியாது, அங்கே தெரிந்துவிடும். பூச்சு வேலைக்கு முன் எல்லாச் சுவரையும் குழாயும் வயரும் தெரியும்படி, பக்கத்தில் அளவுநாடா வைத்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். 10 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தளம் போடும் நாள் வரை தொடாமல் வைத்திருங்கள், கம்பி விலை ஏறுவது எப்போதும் அந்த நேரத்தில்தான். மனைக்குழி வெட்டியதும் மண் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அதைப் பார்த்து அஸ்திவாரத்தின் அகலம் பற்றிச் சொல்கிறேன்.